வலது கன்னத்தில் எழுதிய காயம்

முகவாயைப் பிடித்துத் திருப்புவாள். அவளுக்குத் தெரிந்த வணக்கம் அதுதான். வா, உட்கார், சாப்பிட்டாயா, ஒன்றும் கிடையாது. கட்டைவிரல் ஒரு தாடையில், நடுவிரல் மறு தாடையில். கத்தரிக்காயில் புழு இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் திருப்புவதுபோல முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்புவாள். நாம் பருவுக்காகப் போயிருப்போம், புருவத்துக்காகப் போயிருப்போம், நரைக்குச் சாயம் வைக்கப் போயிருப்போம். அவள் பார்ப்பது வேறு. கண்ணுக்குக் கீழே, காதோரத்தில், தாடையெலும்பின் விளிம்பில், இருக்கக் கூடாத ஒரு நிறம் இருந்துவிட்டால் குரலை உயர்த்தாமல் கேட்பாள்.

"யார் கை?"

கதவில் இடித்துக்கொண்டேன் என்று ஒருத்தி சொன்னாள். நான் பக்கத்து நாற்காலியில் தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

"கதவுக்கு அஞ்சு வெரல் எப்போ மொளைச்சுது?" என்றாள் இவள். அவ்வளவுதான். அதற்குமேல் கேட்கவில்லை. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய இமைகளுக்கு அடியிலிருந்து நீர் இறங்கியது. "அழுவாத. அழுதா க்ரீம் ஒட்டாது," என்று பஞ்சால் ஒற்றி எடுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

ஆவடி சேக்காட்டில், பஞ்சர் கடைக்கு மேலே ஒற்றை அறை, அதுதான் அவள் பியூட்டி பார்லர். கீழே கம்ப்ரஸர் திடீரென்று உறுமும். புருவம் திருத்திக்கொள்ள உட்கார்ந்திருப்பவள் துள்ளுவாள். இவள் கை மட்டும் அசையாது. பலகையில் இருந்த பெயர் இவளுடையதல்ல, இவளுக்கு முன் கடை வைத்திருந்தவளுடையது. மாற்ற வேண்டும் என்று இவளுக்குத் தோன்றவில்லை. நாங்கள் பார்லர்க்கா என்போம். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பெண்கள், திருநெல்வேலிக்காரிகள், வேலூர்க்காரிகள், நாகர்கோவில்காரிகள், எல்லோருக்கும் அவள் பார்லர்க்காதான். ஊர் எது, புருஷன் உண்டா, யாருக்கும் தெரியாது. கேட்டவர்களுக்கு அவள் ஒவ்வொருவிதமாகச் சொல்லியிருந்தாள். ஒருத்தியிடம் செத்துவிட்டான் என்றும், ஒருத்தியிடம் அரேபியாவில் இருக்கிறான் என்றும், என்னிடம் "இந்தப் பக்கம் வந்தான்னா கூப்புட்டுக் காட்றேன், நீயும் ஒரு கை குடு," என்றும்.

தன் முகத்தில் அவள் எதையும் பூசியதில்லை. கறுத்த, எலும்பு தெரியும் முகம். எண்ணெய் மினுங்கும். குவார்ட்டர்ஸ் அம்மாள் ஒருத்தி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டாள்: "நீங்களே ஒண்ணும் போட்டுக்காம இருந்தா எங்களுக்கு எப்படிங்க நம்பிக்கை வரும்?"

"கசாப்புக் கடைக்காரன் இன்னா தன்னையேவா தொங்க வுட்டுக்கறான்?" என்றாள்.

அந்த அம்மாள் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கத்தியும் கையுமாக நிற்பவனிடம் யார் பேசுவார்கள்.

மனிதன் முதலில் முகத்தில் எதையோ பூசிக்கொண்டது அழகுக்காக என்று நான் நம்பியிருந்தேன். அவளோடு பழகிய பிறகு அந்த நம்பிக்கை போயிற்று. ஒருவன் காவிக்கல்லை இடிக்கிறான். கல்லின்மேல் கல். தூள் பறக்கிறது. கொழுப்பில் குழைத்து நெற்றியில் இழுக்கிறான். வெளியே மிருகம் நிற்கிறது, அல்லது வேறு கூட்டத்தான் நிற்கிறான். செத்தவனைக் குழியில் கிடத்தி அதே தூளை அள்ளி அவன்மேல் தூவுகிறார்கள், வடிந்துபோன ரத்தத்துக்குப் பதிலாக இதை வைத்துக்கொள் என்பதுபோல. எங்கோ படித்ததை அவளிடம் சொல்வேன். போருக்குப் போகிறவர்கள் முகத்தில் செம்மண் பூசுவார்களாம் அக்கா, பார்க்கிறவன் பயப்படுவதற்கு.

புருவம் திருத்தும் நூலைப் பல்லில் கடித்தபடியே பேசுவாள். "பயமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. தனக்கு ரத்தம் வர்றது எதிராளிக்குத் தெரியக் கூடாது. செவப்பு மேல செவப்பு ஊத்தினா எவன் கண்டுபுடிப்பான்?"

காதலன் காதலியின் தோளில் சந்தனக் குழம்பால் கொடி எழுதுவானாம், நம்முடைய பழைய பாட்டுகளில் வருகிறது என்றேன்.

"எழுதினவன் பாட்டு கட்டிட்டான். எழுதிக்கினவ இன்னா சொன்னா?"

 

கூத்தாடிகள் பூசிய அரிதாரம் பாஷாணம் கலந்த மஞ்சள் கல் என்றும், மேல்நாட்டுச் சீமாட்டிகள் வெளுக்க வேண்டி ஈயத்தைப் பூசித் தோல் அழுகிச் செத்தார்கள் என்றும் சொன்னபோது அவள் ஆச்சரியப்படவில்லை. "எல்லாம் விஷம்தான். எவ்ளோ பூசணும்ங்கறதுதான் தொழிலு." குழந்தையின் கன்னத்தில் வைக்கும் திருஷ்டிப் பொட்டைப் பற்றி அவள் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "எவனாவது வந்து காயம் பண்ணிடுவான்னு பயம். அதுக்கு முன்னாடி நாமளே ஒரு காயம் வெச்சுடறோம். அம்மாக்காரி கையால வெச்ச காயம். அதான் அது."

கரும்புள்ளி செம்புள்ளி குத்திக் கழுதைமேல் ஏற்றி ஊரைச் சுற்றவிடுவார்களே, அந்தத் தண்டனை அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. மறுபடி மறுபடி கேட்பாள். கரியா, சுண்ணாம்பா? செம்புள்ளிக்கு எதைக் குழைத்தார்கள்? எத்தனை நாள் போகாமல் இருக்கும்? "அதான்யா மேக்கப்பு. எதுக்கு நிறுத்திட்டானுங்க?" என்று சிரிப்பாள். சிரிக்கும்போது பல் முழுவதும் தெரியும். அந்தப் பற்களுக்கிடையே நூல் இருக்கும்.

அந்த நூல் ஒருநாள் ஒருவனின் விரலை அறுத்தது. பக்கத்துத் தையல் கடைப் பெண்ணைத் தொடர்ந்து படியேறி வந்துவிட்டவன். பெண் உள்ளே ஓடிவந்து என் நாற்காலிக்குப் பின்னால் பதுங்கினாள். அவன் வாசற்படியில் நின்று, கதவு நிலையில் கையை ஊன்றிக்கொண்டு, சிரித்தபடி ஏதோ சொன்னான். பார்லர்க்கா புருவத்துக்குக் கோத்திருந்த நூலோடேயே எழுந்துபோனாள். அவனுடைய ஆள்காட்டி விரலில் ஒரு சுற்று. பல்லால் ஒரு முனை, கையால் ஒரு முனை. இழுத்தாள். மோதிரம்போல ஒரு சிவப்பு வட்டம் கிளம்பி, வட்டம் வாயைத் திறந்தது. அவன் கத்தியபடி படியில் உருண்டான். கீழே பஞ்சர் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "இன்னா பார்லர், த்ரெட்டிங்கா?" என்றார். "ஆமாண்ணாத்தே. ஆம்பளைங்களுக்கு இன்னிக்கு சும்மாவே பண்றேன்," என்று சொல்லிவிட்டு வேறு நூல் கோத்தாள்.

நாங்கள் சிரித்தோம். இதற்கெல்லாம் சிரிக்க முடிந்தது.

நசரத்பேட்டை மண்டபத்தில் நடந்ததற்குச் சிரிக்க முடியவில்லை. கல்யாண மாப்பிள்ளை ஒருவன் முதல்நாள் ஃபேஷியலுக்கு வந்தான். கூட வந்த அவன் அக்கா வாயாடி. நிச்சயதார்த்தத்தன்று பெண் ஏதோ எதிர்த்துப் பேசிவிட்டாளாம், தம்பி எல்லோர் எதிரிலும் ஓங்கி ஒன்று விட்டானாம், அதிலிருந்து பெட்டிப்பாம்பாக இருக்கிறாளாம். பெருமையாகச் சொன்னாள். பார்லர்க்கா "அப்டியா" என்றாள். அவன் முகத்தில் ப்ளீச் போட்டாள். கழுவ வேண்டிய நேரம் வந்தது, போனது. எரியுது எரியுது என்றான். "எரிஞ்சாத்தான் பளிச்சுனு வரும் தம்பி. ஆம்பள தானே, தாங்கு." மறுநாள் மேடையில் அவன் முகம் தோலுரித்த கிழங்குபோல, அங்கங்கே கொப்புளமும் நீருமாக இருந்தது. ஃபோட்டோக்காரர் அவனைப் பக்கவாட்டில் நிற்கவைத்தே எடுத்தார். அவன் வீட்டார் சண்டைக்கு வந்தபோது "அலர்ஜி" என்ற ஒரு சொல்லைச் சொல்லி நின்றாள்.

நான் தனியாக இருக்கும்போது கேட்டேன். "வேணும்னே பண்ணீங்களா?"

"அந்தக் காலத்துல சுண்ணாம்பு. இப்ப ப்ளீச்சு."

"அவன் அந்தக் கோபத்தை அந்தப் பொண்ணுமேல காட்டினா?"

 அவள் என் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். அன்று அந்தக் கைகளுக்கு என் முகத்தைக் கொடுக்க எனக்குப் பயமாக இருந்தது. கொடுத்தேன். கண்ணை மட்டும் மூடவில்லை.

ரீத்தா என் சித்தி மகள். அவளைப் பார்லர்க்காவிடம் அழைத்துப் போனவள் நான்தான்.

ரீத்தாவின் புருஷனுக்குப் பூந்தமல்லியில் சொந்தமாக லேத் பட்டறை. எங்கள் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவில் அவன்தான் முதல் குரல். பூசையில் அவன் தனியாகப் பாடும்போது கிழவிகள் மூக்கைச் சிந்துவார்கள். இரும்பைக் கடையும் கை, தேன் குரல். அந்தக் குரலைக் கேட்டவர்கள் யாரும் அந்தக் கையைப் பற்றி நாங்கள் சொன்னதை நம்பவில்லை.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று மாலை இருவரும் பூசைக்குப் போய் வந்திருக்கிறார்கள். இருவர் நெற்றியிலும் சாமியார் சாம்பலால் சிலுவை வரைந்திருந்தார். நீ மண், மண்ணுக்கே திரும்புவாய் என்று நினைவூட்டும் அடையாளம். அதுவும் முகப்பூச்சுதான். அழகுக்குப் பூசுவதல்ல, சாவை மறக்காமல் இருக்கப் பூசுவது. அதைத் துடைக்க மாட்டோம், தானாகப் போகும்வரை விடுவோம். வீட்டுக்கு வந்த ரீத்தா அடுப்படிக்குப் போனாள். புழுக்கம். வேர்வை கண்ணில் இறங்க, குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். பழக்கத்தில் செய்தது. திரும்பினால் அவன் நிற்கிறான்.

"கோயில்ல வெச்சத அழிச்சிட்டியா?"

கேள்வி முடிவதற்குள் கை வந்துவிட்டது. அடுப்பு மேடையில் தலை மோதி விழுந்தாள். விழுந்தவளை முடியைப் பிடித்துத் தூக்கி மறுபடியும். அதே கன்னம். அவள் இடது கன்னம். அவன் நெற்றியில் சாம்பல் சிலுவை வேர்வையில் கரையாமல் அப்படியே இருந்தது என்று ரீத்தா என்னிடம் சொன்னாள். அடிபட்டுக்கொண்டே அவள் பார்த்துக்கொண்டிருந்தது அதைத்தானாம்.

அன்று இரவே சித்தப்பா போய் அழைத்து வந்தார். மறுநாள் காலையில் கடைக்குப் போயாக வேண்டும், சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலை, முகத்தை மறைத்தால் போதும் என்றாள் ரீத்தா. என் கைபேசியில் அந்த முகத்தைப் படம் எடுத்துவிட்டுப் விடிந்ததும் பார்லர்க்காவிடம் கூட்டிப்போனேன்.

முகவாய். ஜன்னல். "யார் கை" என்ற அந்தக் கேள்விகூட வரவில்லை அன்று. வெகுநேரம் பார்த்தாள். விரல் நுனியால் காயத்தின் ஓரத்தைச் சுற்றிவந்தாள், ஒரு தீவைப் படகு சுற்றுவதுபோல. பிறகு மூடினாள். சிவப்புக்குப் பச்சை, நீலத்துக்கு ஆரஞ்சு, அதன்மேல் தோலின் நிறம், அதன்மேல் தூள். கன்னம் திரும்பி வந்தது. ரீத்தா கண்ணாடியில் பார்த்து, "ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு அக்கா," என்றாள் நன்றியோடு.

பார்லர்க்காவின் முகம் செத்துவிட்டது. "ஆமா," என்றாள்.

கோயிலின் பங்கு மண்டபத்தில் இரு வீட்டாரும் உட்கார்ந்து பேசுவது என்று முடிவாயிற்று. உடனே அல்ல. "தவக்காலம் பொறந்திருக்கு. சூட்டோட பேசினா வார்த்த தடிக்கும். ரெண்டு வாரம் போவட்டும்," என்றார் எங்கள் தெருக் கோயில் குழுவான அன்பியத்தின் பெரியவர். நல்ல மனிதர். அவர் நல்ல மனிதராக இருந்த அந்த இரண்டு வாரத்தில் காயம் ஆறியது. சித்தி வேறு, அக்கம்பக்கம் பார்க்கிறதே என்று, காலையும் மாலையும் களிம்பும் மஞ்சளும் தேய்த்து ஆற்றினாள். பெற்றவள் கையாலேயே சாட்சி அழிந்தது.

கைபேசியில் எடுத்த படத்தை ரீத்தாவின் புருஷன் வீட்டாருக்கும் பெரியவருக்கும் அனுப்பினோம். அவன் அண்ணன் சிரித்திருக்கிறான். "ஃபோட்டோல இன்னா வேணா பண்ணலாம். ஃபில்டர்னு ஒண்ணு கீதே, அதுல மனுசனை நாயாக்கலாம்." பெரியவரும் தலையாட்டியிருக்கிறார். நம்பாதவர்கள் என்று சொல்ல முடியாது. தினம் கைபேசியில் நாயாகவும் பூனையாகவும் மாறிய முகங்களைப் பார்க்கிறவர்கள்.

சித்தப்பா தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். போலீஸ் ஸ்டேஷன் படியேறக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பிறகு ரீத்தாவை எதிரில் நிற்கவைத்துச் சொன்னார்: "அவன் அடிச்சான்னு அத்தினி பேர் முன்னாடி தெரிஞ்சா, நீ கடைசிவரைக்கும் என் ஊட்ல இரு. ஒரு பய கேக்க முடியாது. தெரியலன்னா, அன்னிக்கே பையை எடுத்துகினு அவன்கூட கெளம்பு. பொண்ண ஊட்ல வெச்சிகினு மாப்ளைமேல பழி போட்டவன்னு என்னால பேர் எடுக்க முடியாது."

ரீத்தா என்னிடம் மட்டும் சொன்னாள். "அக்கா, அந்த அடுப்படிக்குத் திரும்பிப் போனேன்னா உயிரோட வெளிய வரமாட்டேன்." அழாமல் சொன்னாள். நாளைக்கு மழை வரும் என்று சொல்வதுபோல.

பேச்சு வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பூசைக்கு முன்னால், ரீத்தாவை மறுபடியும் பார்லர்க்காவிடம் அழைத்துப் போனேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. வேறு யாரிடம் போவது என்று தெரியவில்லை, அதுதான். சுத்தமாக ஆறிய அந்தக் கன்னத்தைப் பார்த்ததும் பார்லர்க்கா கையிலிருந்த தட்டைச் சுவரில் எறிந்தாள். பிரஷ்ஷும் டப்பாவும் தரையெல்லாம் உருண்டன. கீழே கம்ப்ரஸர் நின்றது.

"உக்காரு," என்றாள் ரீத்தாவிடம்.

உட்கார்ந்தாள். பார்லர்க்கா உருண்டவற்றில் மூன்றைப் பொறுக்கினாள். மஞ்சள், பச்சை, கொஞ்சம் ஊதா. விரலில் தொட்டுக் கன்னத்தில் வைத்தாள். தேய்க்கவில்லை, ஒற்றினாள். ஒற்றி, ஊதி, ஈரப்பஞ்சால் பாதியை எடுத்து, மறுபடி ஒற்றினாள். புதிய காயம் அல்ல. இரண்டு வாரம் பழைய காயம். ஓரத்தில் அழுகிய எலுமிச்சையின் மஞ்சள், உள்ளே பாசி, நடுவில் போகாமல் பிடிவாதமாக நிற்கும் ஊதா நிழல். தோலுக்கு அடியிலிருந்து அது மேலே மிதந்துவந்தது.  எத்தனை முகங்களில் பார்த்திருந்தால் ஒரு கை இதை இப்படி எழுதும்.

அப்போதுதான் கவனித்தேன்.

"அக்கா. இது வலது கன்னம். அவன் அடிச்சது இடது."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு..."

"சரியா போட்டேன்னா இல்லவே இல்லன்னு சொல்லுவான். தப்பா போட்டா இன்னா சொல்லுவான்?" என்றாள், வேலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரீத்தா அவள் கையைப் பிடித்தாள். "பொய்யாயிடுமே அக்கா. சாமியார் இருப்பாரு."

"நீ பொய் சொல்லாத. நெசமும் சொல்லாத. வாயையே தொறக்காத. மூஞ்சிய மட்டும் காட்டு." பிரஷ்ஷை வைத்துவிட்டுப் புடவையில் கையைத் துடைத்தாள். "நானும் வரேன்."

"அது கோயில் மண்டபம். உங்களை எப்படி..."

"எல்லா சாமியும் எனக்குக் கஸ்டமர்தான். நட."

பூசை முடிந்தபின் மண்டபத்தில் மின்விசிறிகள் சுழன்றன. பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தார்கள். சாமியார், பெரியவர், அவன், அவன் அண்ணன், எதிரே சித்தப்பா, சித்தி, கன்னத்தை முக்காட்டால் மூடிய ரீத்தா. பார்லர்க்கா வட்டத்துக்குள் வரவில்லை. அவனுக்கும் ரீத்தாவுக்கும் இடையே இருந்த சந்தில், கொஞ்சம் பின்தள்ளி, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். யார் என்று யாரும் கேட்கவில்லை. பெண்ணுக்குத் துணை என்று நினைத்திருப்பார்கள்.

அண்ணன்தான் பேசினான். எங்க தம்பி ஒரு ஈயைக்கூட அடிச்சதில்ல. கைநீட்டற வம்சமே இல்ல நாங்க. பொண்ணு ஏதோ கோவத்துல வந்துடுச்சு, அழைச்சிகினு போக ரெடியா கீறோம். பெரியவர் ம் ம் என்றார். அவன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான், திவ்விய நற்கருணைக்கு முன்னால் உட்கார்கிறவன்போல. சாமியார் அவனிடம் நேராகக் கேட்டார். "ஒரு தடவைகூட அடிக்கலையா?"

"சத்தியமா இல்ல ஃபாதர். இந்தக் கையால அவள தொட்டதே இல்ல." அந்தத் தேன் குரல்.

சித்தப்பா ரீத்தாவைப் பார்த்தார். அவர் காலடியில் அவளுடைய துணிப்பை இருந்தது. அவரே கட்டிக் கொண்டுவந்திருந்தார்.

ரீத்தா முக்காட்டை எடுத்தாள்.

சித்தி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். காலையில் தன் கையால் பொட்டு வைத்து அனுப்பிய முகம் அல்ல அது. பெரியவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் குனிந்தார். "இன்னாமா அது கன்னத்துல?"

ரீத்தா பேசவில்லை. வலது கன்னத்தைத் திருப்பி வெளிச்சத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். மஞ்சள், பச்சை, ஊதா.

அவன் நிமிர்ந்து பார்த்தான். முதலில் ஒன்றும் புரியாத முகம். பிறகு சிரிப்பு. நிம்மதியில் வரும் சிரிப்பு. கையும் களவுமாகப் பிடித்துவிட்டவனின் சிரிப்பு. எழுந்தே நின்றுவிட்டான்.

"ஃபாதர், டூப்பு ஃபாதர் இது. மேக்கப்பு. நான் அடிச்சது அந்தப் பக்கமே இல்ல, இந்த..."

அவன் கை காற்றில் உயர்ந்து ரீத்தாவின் இடது கன்னத்துக்கு நேராக நின்றது. விரல்கள் விரிந்து, தயாராக. தன் வேலையை வேறொருவன் தப்பாகச் செய்துவிட்டதைச் சுட்டிக்காட்டும் பட்டறைக்காரன் கை.

 அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

"சொல்லு தம்பி. எந்தப் பக்கம்?" பின்னாலிருந்து பார்லர்க்கா கேட்டாள்.

கை இறங்கவில்லை. திரும்பியது. இரண்டே எட்டில் அவள்முன் வந்துவிட்டான். அவள் எழுந்திருக்கவில்லை. நகரவில்லை. முகத்தைக்கூடத் திருப்பவில்லை. அடி விழுந்த ஓசை மண்டபத்தின் தகரக் கூரைவரை போய்த் திரும்பியது. நாற்காலியோடு சரிந்தாள். அவன் கையிலிருந்த சிலுவை மோதிரம் அவள் புருவத்தைக் கிழித்திருந்தது. "நீதாண்டி, நீதான போட்டுவுட்ட," என்று மறுபடி ஓங்கியவனைப் பெரியவரும் அண்ணனும் சேர்ந்து இடுப்பில் கட்டிப் பின்னால் இழுத்தார்கள். அவன் எட்டி உதைத்ததில் நாற்காலிகள் பறந்தன. அந்தக் குரலில் அன்று வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. ஒவ்வொன்றும் சுருதி பிசகாமல் வந்தது.

சித்தப்பா எழுந்தார். துணிப்பையை எடுத்தார். ஒரு கணம் அதை அவனிடம்தான் கொடுக்கப் போகிறாரோ என்று நினைத்தேன். சித்தியிடம் கொடுத்தார். "ரீத்தாவ ஊட்டுக்கு இட்டுகினு போ. நம்ம ஊட்டுக்கு," என்றார். சாமியாரைப் பார்த்து, "எல்லாரும் கேட்டீங்க இல்ல, ஃபாதர்?" என்றார். சாமியார் கேட்டதாகத் தலையசைத்தார்.

தரையிலிருந்து எழுந்துகொண்டிருந்த பார்லர்க்கா, "ஊட்டுக்கு அப்பறம் போலாம். மொதல்ல ஸ்டேஷன்," என்றாள். ரத்தம் இமையில் இறங்கி ஒரு கண்ணை மூடியிருந்தது.

"ஸ்டேஷன் வேணாம்மா. நான் அப்பவே சொல்லிட்டேன்," என்றார் சித்தப்பா.

"உன் பொண்ணு மூஞ்சிக்கு நீ வேணாம்னு சொல்லு நைனா. இது என் மூஞ்சி."

சித்தப்பா வழிவிட்டு விலகினார். ரீத்தா சித்தியின் பக்கத்திலிருந்து நகர்ந்து பார்லர்க்காவோடு போய் நின்றாள். அந்தச் சந்தில் அவள் ஏன் நாற்காலியை இழுத்துப் போட்டாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் "அலர்ஜி" என்றுகூடச் சொல்லியிருப்பாள்.

மண்டபத்துக்கு வெளியே குழாயடியில் ரீத்தாவின் கன்னத்தைக் கழுவச் சொன்னாள். "நல்லா தேய். கொஞ்சம்கூட இருக்கக் கூடாது. இனிமே உனக்கு அது வேணாம்." மஞ்சளும் பச்சையும் சிமெண்டுத் தரையில் ஓடிக் காய்ந்த மண்ணுக்குள் போயின. நான் என் கைக்குட்டையை நனைத்துப் பார்லர்க்காவிடம் நீட்டினேன். தட்டிவிட்டாள். ஆட்டோவில் முழுவழியும் முகத்தை நிமிர்த்தியே வைத்திருந்தாள், நிரம்பிய குடத்தைச் சிந்தாமல் கொண்டுபோகிறவள்போல. பள்ளங்களில் வண்டி குலுங்கும்போதெல்லாம் பல்லைக் கடித்தாள். ரீத்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். 

மகளிர் காவல் நிலையத்தில் இருந்த பெண் போலீஸ் சின்ன வயது. பார்த்ததும் பதறிவிட்டது. "மூஞ்சிய கழுவிட்டு வாங்கம்மா, தண்ணி குடிங்க," என்றது.

"கழுவ மாட்டேன். நீ எழுது. அடிச்சது யாரு, எத்தினி பேர் பாத்தாங்க, எல்லாம் சொல்றேன். மொதல்ல இந்தப் பொண்ணுக்கு அடிச்சத எழுது. அவன் வாயாலயே சொன்னான், சாமியாரு சாட்சி. அப்பறம் எனக்கு."

எழுதினார்கள். ரீத்தா முதன்முதலாகத் தன் வாயால் சொன்னாள். அடுப்படி, சாம்பல், முடி, இடது கன்னம். குரல் ஒரு இடத்தில் உடைந்தது, நின்றது, மறுபடி நடந்தது. எழுதி முடித்த பெண் போலீஸ் படம் எடுக்கக் கைபேசியை உயர்த்தியது.

பார்லர்க்கா உள்ளங்கையை நீட்டி மறித்தாள்.

"இப்ப எடுக்காத கண்ணு. இப்ப எடுத்தா வெறும் வீக்கந்தான் தெரியும். ஒரு மணி நேரம் போவட்டும், நெறம் ஏறும்," என்று சொல்லிவிட்டு, மரப் பெஞ்சில் சாய்ந்து, ரத்தம் காயாத புருவத்தை ட்யூப்லைட்டுக்கு நேராக வைத்துக்கொண்டு, காத்திருக்கத் தொடங்கினாள்.